நன்னாவின் குரலைத் தொகுக்க எந்த மென்பொருள்?

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் நம் பெரியவர்கள் பார்த்த வேலைகள் பலவும் இன்று இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது 1983இல். அதற்கு முன் கப்பல் சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கே ஷிப்ட் பார்த்தவர்களின் நினைவில்தான் அந்த நிலையம் இப்போது இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் இந்தப் பெரியவர்களை உட்கார வைத்துக் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்வது நல்ல பழக்கம். ஆனால் பதிவு செய்ததைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒன்றரை மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. கைப்பேசி நிரம்பியதும் சில அழிக்கப்படுகின்றன. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் எல்லாமே போய்விடுகிறது. அதை இருபது நிமிடமாகச் சுருக்கித் தொகுத்து வைத்தால் குடும்பமே உட்கார்ந்து பார்க்கும்.

‘அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், விலை உயர்ந்த மென்பொருள் வேண்டும்’ என்ற எண்ணத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அது சரியா என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மாலேகாவ் சொல்லும் பாடம்

மகாராஷ்டிரத்தில் மாலேகாவ் என்ற விசைத்தறி ஊர் இருக்கிறது. முஸ்லிம் உழைப்பாளிகள் நிறைந்த ஊர். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த நாசிர் ஷேக், 2000ஆம் ஆண்டில் ‘மாலேகாவ் கே ஷோலே’ என்ற நகைச்சுவைப் படத்தை ஊர்க்காரர்களை நடிக்க வைத்து எடுத்தார். அவர் எடிட்டிங் கற்றது எந்தப் பள்ளியிலும் இல்லை. தன் பார்லரில் இருந்த வி.சி.ஆர். கருவிகளை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் பதிந்து, வேண்டாததை விட்டு, வேண்டியதை ஒட்டிக் கற்றுக்கொண்டார். அந்த ஊரின் படக்குழுவைப் பற்றி ஃபைசா அகமத் கான் 2008இல் எடுத்த ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ என்ற ஆவணப்படம் பல நாடுகளில் பேசப்பட்டது.

அவரிடம் இருந்த கருவியை விட, இன்று நம் வீட்டில் இருக்கும் மிகச் சாதாரண மடிக்கணினி பல மடங்கு வலிமையானது. அவர் எதை வெட்டுவது, எதை வைப்பது என்று தெளிவாக இருந்தார். கையில் இருந்த கருவிக்கு ஏற்ற முறையையும் கண்டுபிடித்தார். மென்பொருள் தேர்வு என்பதும் அதுதான். ‘எது சிறந்தது’ என்று கேட்காமல், ‘என் வேலைக்கும் என் கருவிக்கும் எது பொருந்தும்’ என்று கேட்க வேண்டும்.

முதல் படி: வேலையைத் தாளில் எழுதுங்கள்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். நன்னாவின் பேச்சைத் தொகுக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். அநேகமாக இந்த ஆறு வேலைகள்தான் வரும்.

1. வேண்டாத இடங்களை வெட்டுதல்.
2. மிச்சத்தை வரிசைப்படுத்தி ஒட்டுதல்.
3. ஒலியைக் கூட்டுதல், குறைத்தல்; மின்விசிறி இரைச்சலைத் தணித்தல்.
4. பழைய புகைப்படங்களை இடையில் சேர்த்தல்.
5. பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் காட்டுதல்.
6. எல்லாக் கைப்பேசியிலும் ஓடும் எம்.பி.4 கோப்பாக வெளியே எடுத்தல்.

இந்தப் பட்டியலில் வெடிக்கும் எழுத்துகளும் பறக்கும் கார்களும் இல்லை. விலை உயர்ந்த மென்பொருள்கள் பணம் கேட்பது பெரும்பாலும் நமக்குத் தேவைப்படாத வசதிகளுக்குத்தான். இந்த ஆறு வேலைகளில் பெரும்பாலானவற்றைக் கீழே சொல்லப்போகும் இலவச மென்பொருள்களிலேயே செய்யலாம்.

இரண்டாம் படி: வீட்டில் இருக்கும் கருவியைப் பாருங்கள்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். அதைத் திறந்தே பார்க்காதவர்கள் பலர்.

உங்கள் கணினியில் எத்தனை ஜிபி ராம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முடிவு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

2 ஜிபி ராம் இருந்தால், முழு எடிட்டிங் மென்பொருள் திணறும். அதற்காகக் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். ‘அவிடெமக்ஸ்’, ‘லாஸ்லெஸ்கட்’ போன்ற சிறிய இலவச மென்பொருள்கள், வீடியோவை மறுபடி மாற்றி எழுதாமலே வெட்டி ஒட்டித் தரும். வேலை சில நொடிகளில் முடியும், தரமும் குறையாது. வெட்டுமிடம் ஓரிரு நொடி முன்பின் போகலாம் என்பதுதான் குறை. முதல் இரண்டு வேலைகளுக்கு இது போதும்.

4 ஜிபி இருந்தால் கொஞ்சம் பொறுமையோடு சாதாரண எடிட்டிங் செய்யலாம். 8 ஜிபி இருந்தால் கைப்பேசியில் எடுத்த 1080 தர வீடியோவை நிம்மதியாகத் தொகுக்கலாம். 16 ஜிபியும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் எதையும் முயலலாம்.

விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்டலாம். கீழே வரும் ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் மூன்றும் லினக்ஸிலும் இயங்கும்.

மூன்றாம் படி: மென்பொருள்களை ஒப்பிடுங்கள்

*ஷாட்கட்.* முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள். வாட்டர்மார்க் போடாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். பழைய கணினிக்கு உதவும் வசதிகள் இரண்டு இதில் உண்டு. ஒன்று, திரையில் பார்க்கும் காட்சியை மட்டும் 360 தரத்துக்குக் குறைத்துக்கொள்வது. இரண்டாவது, ‘பிராக்ஸி’. அதாவது பெரிய வீடியோவுக்குப் பதிலாக அதன் சிறிய நகலை வைத்துத் தொகுப்பது. கடைசியில் மென்பொருளே அசல் தரத்தை எடுத்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவருக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான்.

*கேடென்லைவ்.* இதுவும் கட்டற்ற மென்பொருள். ஷாட்கட்டை விட வசதிகள் அதிகம். பழக ஓரிரு வாரம் கூடுதலாகப் பிடிக்கும். நான்கைந்து ஒலி, ஒளித் தடங்களை வைத்து வேலை செய்பவருக்கும், சப்டைட்டில் சேர்க்க விரும்புபவருக்கும் ஏற்றது. பிராக்ஸி வசதி இதிலும் உண்டு.

*ஓப்பன்ஷாட்.* 2008இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். பார்ப்பதற்கு மூன்றிலும் எளிமையானது. பள்ளிப் பிள்ளைகளின் ஐந்து நிமிட வேலைக்கு நல்லது. நீண்ட வீடியோவுக்கு முந்தைய இரண்டும் மேல்.

*டாவின்சி ரிசால்வ்.* ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் தொழில்முறை மென்பொருள். பெரிய திரைப்படங்களுக்கு வண்ணம் சரிசெய்யப் பயன்படுவது. இதன் இலவசப் பதிப்பே மிக வலிமையானது; வாட்டர்மார்க்கும் கிடையாது. கூடுதல் வசதி வேண்டுவோர் ஒரே தடவை 295 டாலர் கட்டினால் போதும். மாதச் சந்தா இல்லை. ஆனால் 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இல்லாவிட்டால் இது அடிக்கடி நின்றுவிடும். பிள்ளை இதைத் தொழிலாகக் கற்க விரும்பினால், அதற்கேற்ற கணினியும் இருந்தால், இதில் நேரம் செலவிடலாம்.

*கிளிப்சாம்ப்.* விண்டோஸ் 11உடன் வருவது, மைக்ரோசாஃப்டுடையது. 1080 தரம் வரை இலவசமாக வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கும் இணையமும் வேண்டும். ஆப்பிள் கருவி வைத்திருப்பவருக்கு *ஐமூவி* இலவசமாகவே வருகிறது. நமது ஆறு வேலைக்கும் அது தாராளம்.

*கைப்பேசிச் செயலிகள்.* வி.என்., இன்ஷாட், கைன்மாஸ்டர் போன்றவை மூன்று நிமிட வீடியோவுக்கு வசதியானவை. இன்ஷாட், கைன்மாஸ்டர் இலவசப் பதிப்புகள் வாட்டர்மார்க் போடும். ஒன்றரை மணி நேரப் பேச்சைச் சின்னத் திரையில் விரலால் வெட்டுவது கண்ணுக்கும் கைக்கும் கஷ்டம். கைப்பேசியை மாற்றினால், பாதியில் நின்ற வேலை பெரும்பாலும் கூட வராது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்குடன் விவாவீடியோ என்ற எடிட்டிங் செயலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரே செயலியை நம்பியிருந்தால் இப்படியும் நேரும்.

பத்து ஆண்டு கழித்துத் திறக்குமா?

விலையைப் பார்க்கும் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. குடும்பப் பதிவுக்கு இதுவே முக்கியமான கேள்வி. இன்று தொகுத்த வேலையில், நாளை இன்னொரு பெரியம்மாவின் பேச்சைச் சேர்க்க வேண்டி வரலாம். மாதச் சந்தா மென்பொருளில் தொகுத்திருந்தால், அதைத் திறக்க மறுபடி சந்தா கட்ட வேண்டும். மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நம் ஓய்வு நேரத்தில் எட்டு மாதம் நீளும் வேலைக்கு 12,000 ரூபாய் ஆகிறது. வேலை முடிந்த பிறகும் அந்தக் கதவின் சாவி நம்மிடம் இருக்காது.

ஷாட்கட், கேடென்லைவ் இரண்டின் வேலைக் கோப்புகளும் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். எந்த நொடியில் வெட்டினோம், எந்தப் படத்தை எங்கே வைத்தோம் என்பதெல்லாம் அதில் எழுத்தாகவே இருக்கும். மென்பொருளும் இலவசம் என்பதால், எந்தக் கணினியிலும் மறுபடி நிறுவித் திறக்கலாம். ரிசால்வ் தன் வேலையைத் தனித் தரவுத்தளத்தில் வைக்கிறது. அதைத் தனியே ஏற்றுமதி செய்து சேமிக்காவிட்டால் கணினி மாறும்போது தொலைந்துபோகும்.

நான்காம் படி: தமிழ் எழுத்துச் சோதனை

நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஆங்கில விமர்சனங்களில் இதைப் பற்றி எழுத மாட்டார்கள். மென்பொருளை நிறுவியதும் இந்த வரியைத் தலைப்பாக இட்டுப் பாருங்கள்: ‘பேரன் யூசுஃப், கொருக்குப்பேட்டை, 1983.’

‘கொ’ சரியாகச் சேர்ந்து வருகிறதா? கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் விலகி நிற்கிறதா? ‘பே’ புரண்டு வருகிறதா? எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால், தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்களை நிறுவினால் சரியாகும். எழுத்து உடைந்தே வந்தால், மென்பொருளின் எழுத்து அமைப்பில் குறை. அடோபி பிரீமியர் போன்ற விலை உயர்ந்த மென்பொருளிலும், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் உடைந்துதான் தெரியும். உருதுவிலோ அரபியிலோ பெயர் எழுதுவோர், எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலமிருந்து இடமாக வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பெரியவரின் பெயரைப் பிழையாகக் காட்டும் மென்பொருள் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

‘கிராக்’ வேண்டாம்

‘ஐநூறு ரூபாய்க்கு எல்லா மென்பொருளும் போட்டுத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுப்பது நமக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டமும் அதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இலாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விலக்கி, ஐம்பதாயிரம் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம்.

இதற்கு மேல் நேரடி ஆபத்தும் உண்டு. கிராக் கோப்பை நிறுவ, வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் இருக்கின்றன. இலவசமாகவே நேர்வழி இருக்கும்போது இந்த வழிக்குத் தேவையே இல்லை. ஷாட்கட் முதலியவற்றை அவற்றின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

வீட்டுப் பெண்கள் இருக்கும் காட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் இயங்கும் சில எடிட்டிங் தளங்கள், வீடியோவைத் தங்கள் சர்வரில் ஏற்றிய பிறகே வேலை செய்யும். நம் கணினிக்குள்ளேயே முடியும் மென்பொருளில் அந்தக் கவலை இல்லை. தொகுத்து முடித்த பிறகும், பேசியவரிடமும் காட்சியில் இருப்பவர்களிடமும் கேட்டுவிட்டே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

மிச்சப் பணத்தை எங்கே செலவிடலாம்?

முதலில் ஒலிக்கு. நம் தெருக்களில் டிரெய்லர் லாரியும் ஹாரனும் ஓய்வதில்லை. படம் கொஞ்சம் மங்கினாலும் பார்க்கலாம். பேச்சு கேட்காவிட்டால் எல்லாம் வீண். சட்டையில் குத்தும் சிறிய கம்பி மைக் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஃபஜ்ருக்குப் பிறகு தெரு அடங்கியிருக்கும் நேரத்தில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சேமிப்பு. கணக்கை நாமே போடலாம். கைப்பேசி 1080 தரத்தில் நொடிக்குச் சுமார் 17 மெகாபிட் எழுதுகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7.6 ஜிபி. நான்கு பெரியவர்களிடம் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 46 ஜிபி. பிராக்ஸி நகல்களும் சேர்ந்தால் அதற்கு மேல். எனவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் அவசியம். தொகுத்த இருபது நிமிடப் படத்தை 8 மெகாபிட் அளவில் எடுத்தால் 1.2 ஜிபி மட்டுமே வரும். வாட்ஸ்அப்பில் ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.

அசலைத் தொடாதீர்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, கொசஸ்தலையாற்று முகத்துவாரம் கறுத்தது நம் கண் முன் நடந்தது. படகிலும் வலையிலும் எண்ணெய் படிந்ததை எண்ணூர் மக்கள் கைப்பேசியில் எடுத்தார்கள். அப்படிப்பட்ட வீடியோ பிறகு ஒரு சான்றாகத் தேவைப்படலாம். வெட்டி, எழுத்துச் சேர்த்த வீடியோவை விட அசல் கோப்புக்கே மதிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணும் இடம்பெறுகிறது. கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

நல்ல எடிட்டிங் மென்பொருள் அசலைத் தொடாது. தனியாகப் புதிய கோப்பைத்தான் உருவாக்கும். கைப்பேசிச் செயலி சிலவற்றில் ‘சேமி’ என்று அழுத்தினால் அசலே மாறிவிடும். எனவே பதிவு செய்த அன்றே அசலை ஹார்ட் டிஸ்க்கில் ‘அசல்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் நகலெடுங்கள். இன்னொரு நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் வரும் ஊர் நம்முடையது; இரண்டு நகலும் ஒரே பீரோவில் இருக்க வேண்டாம்.

வீட்டில் செய்து பார்க்க

இந்த வாரம் பெரிய வேலையைத் தொடங்க வேண்டாம். ஐந்து நிமிட வீடியோ ஒன்றை எடுங்கள். ஷாட்கட்டை நிறுவி இவற்றைச் செய்து பாருங்கள்.

1. இரண்டு இடத்தில் வெட்டி ஒட்டுங்கள். கணினி திணறினால் பிராக்ஸியைப் போடுங்கள்.
2. மேலே சொன்ன தமிழ் வரியை இடுங்கள்.
3. ஒரு பழைய புகைப்படத்தை ஐந்து நொடிக்குச் சேருங்கள்.
4. கடைசி நிமிடத்தில் உதட்டசைவும் ஒலியும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பல கைப்பேசிகள் ஒரே சீரான வேகத்தில் பதிவதில்லை. அதனால் சில மென்பொருளில் ஒலி முன்பின் ஆகும். எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளட்டுமா என்று ஷாட்கட் கேட்டால் சம்மதியுங்கள்.
5. எம்.பி.4 ஆக எடுத்து, வீட்டிலுள்ள மிகப் பழைய கைப்பேசியில் ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தும் நடந்தால் உங்களுக்கு மென்பொருள் கிடைத்துவிட்டது. மேலே தேட வேண்டாம். ஏதாவது ஒன்று நடக்காவிட்டால், அதே ஐந்து நிமிடத்தை அடுத்த மென்பொருளில் சோதியுங்கள். ஒரு மாலை நேரம் போதும். செலவு எதுவும் இல்லை.

மென்பொருளை அடுத்த ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பேச்சை அடுத்த ஆண்டும் பதிவு செய்ய முடியும் என்று நம்மில் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே எந்த மென்பொருள் என்று முடிவாகும் வரை காத்திருக்காமல், இந்த வெள்ளிக்கிழமையே நன்னா, நன்னிமாவின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவைத் தொடங்குவோம். தொகுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.